உன் வண்டியின் இரைச்சலும் அடுத்த மாதப் பயணமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலிக்காக டாக்டர், பயிற்சி என்று அலைந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது பரவாயில்லை. குந்தி உட்கார்ந்து சக்கரம் கழற்றுகிற வேலையை மட்டும் மகளிடம் விட்டுவிட்டேன், என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறாள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் லேசானது.

சரி, வண்டிக்கு வருகிறேன். ஆறு மாதம் கழித்து உன் வண்டியில் ஏறிய தங்கை, "என்ன அண்ணா, விமானம் மாதிரி இரைகிறது" என்று கேட்டாள், எனக்கு அதுவரை எதுவும் தோன்றவே இல்லை என்று எழுதியிருந்தாய். அது உன் காதின் குறை இல்லை. சக்கரம் உராயாமல் சுழல இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் வைத்த பேரிங் தேயும்போது சத்தம் தினம் ஒரு துளியாக ஏறும், தினமும் ஓட்டுகிறவனின் காது அதோடு சேர்ந்தே பழகிவிடும். அவள் சொன்னதை முழுதாக நம்பு.

ஆனால் பேரிங்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு நாள் செலவழித்துப் பார்த்துவிடு. நான் அதைச் செய்யாமல் பட்டேன். இரண்டு வருடம் முன்பு என் வண்டியில் இதே மாதிரி ஒரு ஊம் சத்தம். ஒரு பட்டறையில் விட்டேன், ஓட்டிக்கூடப் பார்க்காமல் முன் வலது பேரிங் என்று மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் பின் டயர்களின் உள்விளிம்பு ரம்பப் பல் மாதிரி தேய்ந்து கிடந்தது, இரைந்தது அதுதான். அதோடு போகவில்லை, நன்றாக இருந்ததை எடுத்துவிட்டுப் போட்ட அந்தப் புதுப் பேரிங் எட்டே மாதத்தில் நிஜமாகவே கத்த ஆரம்பித்தது. நானும் மகளும் கழற்றி உடைத்துப் பார்த்தோம். உள்ளே குண்டுகள் உருளும் ஓடுபாதையில், அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளியில் வரிசையாகச் சிறு பள்ளங்கள். சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகமான நக்கிளுக்குள் பேரிங்கை அழுத்தும்போது வெளி வளையத்தில் பிடித்து அழுத்தாமல் உள் வளையத்தில் அழுத்தியிருக்கிறார்கள், அத்தனை விசையும் குண்டுகள் வழியாகப் பாய்ந்திருக்கிறது. போட்ட அன்றே அது கெட்டுவிட்டது. நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. காலியான நேரான சாலையில் மெதுவாக வேகம் கூட்டிப் போ. சத்தம் சக்கர வேகத்தோடு ஏறுகிறதா, எஞ்சின் வேகத்தோடு ஏறுகிறதா என்று கியரை மாற்றிப் பார்த்தாலே தெரியும். ஒரே வேகத்தில் கியர் மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் அது சக்கரத்தின் பக்கம். அப்புறம் ஸ்டீயரிங்கை மெதுவாக இடதும் வலதும் அசைத்துப் பார். இடதுபக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரங்களின் மேல் ஏறும், அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங், குறைந்தால் இடது. 'பெரும்பாலும்' என்றுதான் சொல்கிறேன், இரட்டை வரிசைக் குண்டுகள் உள்ளதில் எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இது சில நேரம் தலைகீழாகவும் வரும். தரைப்பரப்பு மாறும்போதெல்லாம் சத்தத்தின் தன்மையும் மாறினால் டயர் மேல் சந்தேகப்படு. முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டு, சத்தமும் இடம் மாறினால் பேரிங்கைத் தொடாதே.

அடுத்தது ஜாக்கி. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வை. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. மிதித்ததும் ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நிற்காவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் மூட்டான பால் ஜாயின்ட் மாதிரி வேறு ஏதோ ஒன்று. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் பக்கம் பார். இதைவிட எனக்கு நம்பிக்கையானது இன்னொன்று: ஒரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்று. பேரிங் கெட்டிருந்தால் காதுக்கு எட்டாத கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலில் ஏறும். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிட்டுப் பார், வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இனி நீ கேட்ட கேள்வி. 18 வருட வண்டி, 1,60,000 கிலோமீட்டர், இதற்கு மேல் செலவு வேண்டுமா, ஆட்டம் வரும்வரை ஓட்டினால் என்ன என்கிறாய். அப்படி ஓட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில். பேரிங் இரைய ஆரம்பித்தபோதே உள்ளே ஓடுபாதையின் மேல்தோல் செதில் செதிலாகப் பெயர ஆரம்பித்திருக்கும், அல்லது பேரிங்கின் ஓரத்தை அடைக்கும் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுத்திருக்கும். பெயர்ந்த செதில் கிரீஸோடு சுற்றி மற்ற இடத்தையும் சிராய்க்கும். இது தானாக ஆறாது, கிரீஸ் அடைத்தாலும் ஆறாது. சத்தம் தொடங்கி ஆட்டம் வரும்வரை சில ஆயிரம் கிலோமீட்டரும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓடிய கிலோமீட்டரை வைத்தும் முடிவெடுக்காதே. பேரிங்கின் ஆயுள் என்று கணக்குப் போட்டுச் சொல்வதே, ஒரே மாதிரி ஓடும் நூறில் 90 எட்டிவிடும் அளவைத்தான், மீதிப் பத்து அதற்கு முன்பே போய்விடும். நம் வண்டி எதில் சேர்த்தி என்று கிலோமீட்டர் மானி சொல்லாது.

அதைவிட எனக்குக் கவலை நீ அடுத்த மாதம் அம்மாவையும் தங்கை குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு 600 கிலோமீட்டர் போகப்போகிறாயே, அதுதான். பேரிங்குக்கு பாரம் என்பது நேர்க்கணக்கில் வலிப்பதில்லை. பாரம் இரண்டு மடங்கானால் குண்டு பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிறது, குண்டுக்குப் பதில் உருளை உள்ள ரோலர் பேரிங் என்றால் பத்தில் ஒரு பங்கு. நீ தனியாக வேலைக்குப் போய்வருவதும் ஐந்து பேரும் பெட்டிகளுமாக வேகத்தில் ஓடுவதும் அதற்கு ஒன்றல்ல. சோதித்துப் பார்த்துப் பேரிங்தான் என்று உறுதியானால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடு. அதுவரை பக்கத்து வேலைகளுக்கு மெதுவாக ஓட்டலாம். ஆனால் கையில் ஆட்டம் தெரிந்தால், இரைச்சல் போய் அரைக்கிற சத்தம் வந்தால், ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் மட்டும் மற்றதைவிட நன்றாகச் சுட்டால், வண்டியை எடுக்கவே எடுக்காதே. இன்னொரு அடையாளமும் உண்டு. வளைவில் திரும்பி வந்ததும் முதல் மிதியில் பிரேக் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் சரியாகிவிடும். ஹப் ஆடும்போது பிரேக் டிஸ்க் சாய்ந்து, அதை அழுத்திப் பிடிக்கும் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதால் வருவது அது. அந்த நிலையில் அம்மாவை ஏற்றாதே.

நம் பழைய வேனின் முன் சக்கரம் நினைவிருக்கிறதா? நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றி, கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாமல் இருக்கப் புது காட்டர் பின் போட்டு முடிப்போம். குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898-இல் காப்புரிமை வாங்கிய அதே கூம்பு ரோலர் பேரிங்தான் அதில் இருந்தது, ஆட்டம் வந்தால் சரிசெய்யலாம், கிரீஸ் மாற்றலாம். உன் இப்போதைய வண்டியில் இருப்பது மூடி அடைத்தது. அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை, கையில் ஆட்டம் தெரிந்தாலே முடிந்தது. இதை எழுதக் காரணம், கொஞ்சம் இறுக்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நீ பழைய நினைப்பில் தலையாட்டிவிடக் கூடாது.

மாற்றுகிற அன்று சில விஷயம் மட்டும் பக்கத்திலேயே நின்று பார். அழுத்தும் விசை எந்த வளையத்தில் போகிறது என்பது முதல் விஷயம். உன் வண்டியில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருப்பதால் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கலாம். அந்தப் பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும், திருப்பிப் போட்டால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும், புதுப் பேரிங்கும் வீண். ஆக்ஸில் நட்டு புதிதாக இருக்கட்டும், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கட்டும், இறுக்கி முடிக்கும்முன் சக்கரத்தைத் தரையில் இறக்கிப் பாரம் கொடுக்கக் கூடாது. 18 வருடத் துருவில் ஏபிஎஸ் சென்சார் ஒட்டிக்கொண்டிருக்கும், எடுக்கும்போது உடைய வாய்ப்பு அதிகம், அதனால் ஒன்று கைவசம் வாங்கி வைத்துக்கொள். பேரிங்கை நல்ல தயாரிப்பாகப் பார்த்து நம்பிக்கையான இடத்தில் வாங்கு, போலிகள் நிறைய உலவுகின்றன.

ஜோடியாக மாற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். கட்டாயம் இல்லை. நல்லது ஒன்றைக் கழற்றினாலே கெட்டுவிடும், என் கதை தெரியுமே. இரண்டும் ஒரே நாளில் ஓட ஆரம்பித்தவை, அதனால் மறுபக்கத்தையும் ஸ்பிரிங்கில் கைவைத்துச் சோதித்துவிட்டு, அமைதியாக இருந்தால் விட்டுவிடு. அதற்கான பேரிங்கை மட்டும் வாங்கி வைத்திரு என்பேன், பழைய வண்டிக்குச் சாமான் தேடி அலைகிற நேரத்தில் அது உதவும்.

வண்டியை விற்றுவிடலாமா என்று கடைசி வரியில் எழுதியிருந்ததைத்தான் இரண்டு முறை படித்தேன். அது அப்பா ஓட்டிய வண்டி. எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கிறது என்று நீயே சொல்கிறாய், ஒரு பேரிங்குக்காக அந்த முடிவை எடுக்காதே. இந்த ஞாயிறு ஜாக்கி போட்டுப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் கரகரக்கிறது என்று எழுது. பயணத்துக்கு முன் ஒரு நாள் நானும் மகளும் அங்கே வந்து மாற்றுகிறபோது கூட இருக்கிறோம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல், கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்