சனசமூக நிலையங்கள் கூடிய இடங்களைப் பதிவு செய்யுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சிக் குடியேற்றக் கிராமமொன்றில், ஊரார் பத்திரிகை வாசிக்கவும் பொதுவிடயங்கள் பேசவும் கூடும் இடமாக இயங்கும் எமது சனசமூக நிலையம் தொடக்கத்தில் வாய்க்காற்கரை மருதமரத்தின் கீழும், பின்னர் கூட்டுறவுச் சங்கக் கிளையின் விறாந்தையிலும், அதன்பின் கிடுகால் வேய்ந்த சொந்தக் கொட்டிலிலும் கூடியது. 1996இல் போரினால் ஊர் இடம்பெயர்ந்தபோது ஸ்கந்தபுரத்தில் ஒரு காணியின் மரநிழலிலும், 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாள் கூடாரங்களுக்கிடையிலும் எஞ்சிய உறுப்பினர்கள் ஒன்றுகூடினர். பத்திரிகையும் வானொலியும் கைக்கெட்டாத அந்நாள்களில், எவர் எங்கே இருக்கிறார், எவரைக் காணவில்லை என்பதே அங்கு பேசப்பட்டது. நிலையத்தின் வரலாற்றில் அவற்றைவிட முக்கியமான கூட்டங்கள் நடந்ததாக நான் கருதவில்லை.

மீள்குடியேற்றத்தின் பின்னர் கல்லால் கட்டிய மண்டபம் கிடைத்துவிட்டது. ஆனால் கூட்ட அறிக்கைப் புத்தகங்களும் வரவுப் பதிவேடுகளும் இடப்பெயர்வுகளில் அழிந்துவிட்டமையால், முன்னைய இடங்கள் பற்றிய விபரம் முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது. வன்னியின் வேறு பல நிலையங்களுக்கும் இதே நிலைதான். அம்முதியவர்கள் எம்மோடு இருக்கும்போதே, பிரதேச சபை நூலகங்கள் ஊர் ஊராகச் சென்று அவர்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து, கூடிய இடங்களை வரைபடத்தில் குறித்து, பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
சனசமூக நிலைய உறுப்பினர் ஒருவர்,
கிளிநொச்சி.