நூல் அடிக்காம எழுதுனது

கயல் கண்ணு,

அப்பா எழுதுறேன். போன்ல பேசுனா சாப்டியா, அங்க குளிரு எப்படி இருக்குன்னு கேக்குறதுலயே நேரம் போயிருது, இது போன்ல வாயில வர்ற விஷயமும் இல்ல, அதான் எழுதி கூரியர்ல அனுப்புறேன். அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல.

போன மாசம் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு சுவர் வேலை வந்துச்சு. ஸ்கூல் காம்பவுண்ட்ல பத்து குறள் எழுதணும். ஃப்ளெக்ஸ் வந்ததுல இருந்து இந்த மாதிரி வேலை வருஷத்துக்கு ரெண்டு வந்தா பெருசு. நூல் அடிக்கிறதுக்கு மறுமுனைய பிடிக்க ஆள் இல்ல, அங்க விளையாண்டுட்டு இருந்த ஒரு பையன கூப்பிட்டேன். அவன் நீலம் தோச்ச நூல சுவரோட அழுத்திப் பிடிச்சுட்டு கண்ண இறுக்கி மூடிக்கிட்டான், நான் நடுவுல இழுத்து விட்டதும் டப்புன்னு சத்தம் வந்து கோடு விழுந்துச்சு, அவன் மூக்குல கொஞ்சம் நீலம். நீ அப்படித்தான் நிப்ப. ஆறு வயசுல இருந்து என் நூலோட மறுமுனை நீதான். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ப்ரஸ்ஸல்ஸ்ல நீ காட்டுன அந்த பெல்ஜியம் ஓவியர் கிறிஸ்தியான் தோத்ரமோன் தான் ஞாபகத்துல வந்துட்டே இருந்தார்.

2022-ல நானும் அம்மாவும் அங்க வந்திருந்தப்ப, அவர் பிறந்து 100 வருஷம்னு ராயல் மியூசியத்துல எக்ஸிபிஷன் வச்சிருந்தாங்க, நீ லீவு போட்டு கூட்டிட்டுப் போன. வெள்ளப் பேப்பர்ல கருப்பு இங்க்ல சுழிச்சு சுழிச்சு, தாறுமாறா. நான் பாத்த உடனே ‘இங்க் பாட்டில் கவுந்த மாதிரி இருக்கே, இதுவா எழுத்து’ன்னு கேட்டேன். நீ பதில் சொல்லல. குனிஞ்சு பேப்பர் அடியில பென்சில்ல சின்னதா இருந்த பிரெஞ்சு எழுத்தப் படிச்சு தமிழ்ல சொன்ன. நான் சரியா காதுல வாங்கல, உன் முகம் சுருங்குனத மட்டும் பாத்தேன். மூணு நாலு வருஷமா அது மனசுல கிடக்கு.

ஆனா ஒண்ணு நான் அன்னைக்கு சொல்லாம விட்டேன். பேச்சுதான் அப்படி வந்துச்சே தவிர கண்ணு அங்க வேற பாத்துட்டு இருந்துச்சு. பிரஷ்ஷ எங்க இங்க்ல முக்கி வச்சார், எந்த இடத்துல வேகமா இழுத்தார், எங்க இங்க் தீந்து முடி பிரிஞ்சு பேப்பர்ல கீறல் கீறலா போச்சு, எங்க கை நின்னு யோசிக்காம அப்படியே திரும்புச்சுன்னு எல்லாம் எனக்கு தெரிஞ்சுச்சு. பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது எனக்கு, ஆனா அந்தக் கை ஓடுன ஓட்டத்த ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் என்னால படிக்க முடிஞ்சுச்சு. திருப்பி ஒரு தடவ கூட அது மேல பிரஷ் வைக்கல அவர். 38 வருஷம் பிரஷ் பிடிச்சவனுக்கு அது எவ்ளோ கஷ்டம்னு தெரியும், நாங்கெல்லாம் ஓரத்த தேச்சு தேச்சு சரி பண்ணித்தான் பழக்கம்.

அப்புறம் நீ வாங்கிக் குடுத்த புத்தகத்த தம்பிய உக்கார வச்சு, போன்ல மொழிபெயர்த்து படிக்கச் சொன்னேன், பாதி ராத்திரி வரைக்கும். அவர் 1922-ல டெர்வூரன்ல பிறந்தவராம், நாம டிராம்ல ஏறிப் போய் காடு பாத்தோமே அந்த ஊரு. முதல்ல கவிஞர் தான். 1948 நவம்பர்ல பாரிஸ்ல ஒரு காபி கடையில ஆறு பேர் சேந்து கோப்ரான்னு ஓவியரும் கவிஞரும் சேந்த ஒரு குழு ஆரம்பிச்சாங்க, கோபன்ஹேகன், ப்ரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் மூணு ஊரு பேரோட முன்னெழுத்த சேத்து அந்தப் பேர வச்சது இவர்தான். மூணு வருஷத்துல குழு கலைஞ்சு போச்சு, அதே நேரத்துல இவருக்கு டிபி, குழுவுல இருந்த கூட்டாளி, ஓவியர் அஸ்கர் யோர்னுக்கும் டிபி, ரெண்டு பேரும் டென்மார்க்ல ஒரே ஆஸ்பத்திரியில கிடந்திருக்காங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1950-ல நடந்தது. தான் கையால எழுதுன ஒரு பக்கத்த பின்பக்கமா திருப்பி, நெட்டுக்குத்தா வச்சு வெளிச்சத்துல பாத்திருக்கார். பிரெஞ்சு எழுத்து மங்கோலிய எழுத்து மாதிரி, சீன எழுத்து மாதிரி தெரிஞ்சிருக்கு. நம்ம கையெழுத்துக்குள்ளயே நமக்குத் தெரியாத ஒரு படம் கிடக்குதுன்னு அவருக்கு அங்க பிடிபட்டிருக்கு. அத வச்சுக்கிட்டு 12 வருஷம் காத்திருந்து 1962-ல தான் லோகோகிராம்னு, எழுத்தே படமா ஆகுற ஒண்ண ஆரம்பிக்கிறார். தம்பி இந்த இடத்துல ஒரு விஷயத்த நல்லா புரிய வச்சான். அவர் முன்னாடியே கவிதைய எழுதி வச்சுட்டு அப்புறம் அத அழகா வரையல. பிரஷ் ஓடுறப்பவே தான் வார்த்தையும் வருது, ரெண்டும் ஒரே மூச்சுல பிறக்குது. சரியா வரலன்னா திருத்த மாட்டார், கிழிச்சுப் போட்டுட்டு அடுத்த பேப்பர். நின்னது எதுவோ அதுக்கு அடியில மட்டும் என்ன எழுதுனோம்னு பென்சில்ல தெளிவா எழுதி வைப்பார், படிக்கிறவன் தவிச்சு நிக்கக் கூடாதுல்ல.

ஐரோப்பாவோட வடக்குக் கோடியில பனி மூடிக் கிடக்குற லாப்லாந்துக்கு திரும்பத் திரும்பப் போயிருக்கார், 1963-ல அங்க பனியில குச்சிய வச்சு எழுதியிருக்கார். காத்தடிச்சா போயிரும், வெயில் வந்தா போயிரும், போட்டோல தான் மிச்சம். எனாமல் பெயிண்ட் எத்தன மழைக்குத் தாங்கும்னு கணக்குப் பாத்தவன் நான், அந்தப் போட்டோவ ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன் கண்ணு.

அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு. இந்த 38 வருஷத்துல நான் எழுதுனது எத்தன ஆயிரம் எழுத்து இருக்கும், ரைஸ் மில்லு, சலூன், லாரி பின்னாடி, கல்யாண மண்டபம், இங்கு சைக்கிள் நிறுத்தாதீர்கள். எல்லாம் அடுத்தவங்க வாசகம். என் சொந்த வாசகம்னு ஒரு வரி நான் எங்கயும் எழுதல.

நீ நாலாவது படிக்கிறப்ப எழுதுவ, ஞாபகம் இருக்கா, ‘ழ’ வோட கால கோட்டுக்குக் கீழ இழுத்து மார்ஜினத் தாண்டி கொண்டு போய் அங்க ஒரு மீன் வால் மாதிரி முடிப்ப. பக்கம் பூரா மீனா இருக்கும். பெயிண்டர் மக கையெழுத்து இப்படியா இருக்கணும்னு டீச்சர் கேட்டுட்டாங்கன்னு நான் ஸ்கேல வச்சு விரல்ல அடிச்சேன், ரப்பர் போட்டு எல்லா வாலையும் அழிக்க வச்சேன், ரெட்ட கோட்டுக்குள்ள தெனம் ரெண்டு பக்கம் எழுத வச்சேன். ஒரு வருஷத்துல உன் எழுத்து அச்சு மாதிரி ஆயிருச்சு. ஹாஸ்டல்ல இருந்து நீ போட்ட லெட்டர எல்லாருக்கும் காட்டுவேன், பாருங்க என் மக எழுத்துன்னு. அதுல நீ எங்கயும் இல்லங்கறது இப்பதான் தெரியுது. நான் செஞ்சது தப்பு கண்ணு. அடிச்சது மட்டும் இல்ல, அழிக்க வச்சது.

கடைசி நாள் நீ எங்கள ஆனேசென்ஸ் ஸ்டேஷன்ல இறக்கி, தோத்ரமோனும் அவரோட கூட்டாளி ஓவியர் பியர் அலெஷின்ஸ்கியும் சேந்து பண்ணுன எழுத்தோவியத்த காட்டுன. பிளாட்ஃபார்ம்ல ஜனம் பைய தூக்கிட்டு அவசரமா போகுது, அது பாட்டுக்கு சுவர்ல இருக்கு. டிராம் வந்துருச்சு வா வான்னு உன்ன இழுத்துட்டு வந்துட்டேன். அடுத்த தடவ வந்தா அங்க உக்காந்து நாலு டிராம விட்டுட்டு பாக்கணும்.

இதோட ஒரு பேப்பர் மடிக்காம அட்டைக்கு நடுவுல வச்சிருக்கேன். இண்டியன் இங்க் வாங்கி, தரையில சார்ட் பேப்பர விரிச்சு, நூலும் அடிக்கல ஸ்கேலும் வைக்கல. முதல்ல கை நடுங்குச்சு, தானா நேர்கோட்டுக்கே போய் நின்னுச்சு. பதினாலு பேப்பர் கிழிச்சுட்டேன், அம்மா ஒண்ணும் சொல்லாம பக்கத்துல உக்காந்து காயுறதுக்கு விசிறிட்டு இருந்தா. பதினஞ்சாவதுல ஒரு ‘ழ’ வந்துச்சு, அதோட கால இழுத்து விட்டுட்டேன், பேப்பரோட ஓரம் வரைக்கும் போயிருக்கு.

அது உனக்காக நான் எழுதுன வாசகம். மேல உள்ளத முதல்ல பாரு, உனக்கு என்ன தோணுதோ பாத்துக்கோ. அப்புறமா கீழ பென்சில்ல எழுதியிருக்கேன், படி.

அன்புடன்
அப்பா