பூனைக்குட்டிகளும் டாக்டர் செலவும்: தோழிக்கு ஒரு கடிதம்

கிருஷ்ணகிரி
ஜூன், ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் புகைப் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கிறது. ரோடெல்லாம் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள், மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் நீள வரிசை. இந்த வருஷம் விலை படியவில்லை என்று அண்ணன் வருத்தத்தில் இருக்கிறார். அதை நேரில் பேசுவோம்.

கடிதத்தில் பாதி அந்த நாலு குட்டிகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். மில்லுக்குப் பின்னால் சாக்கில் கட்டி வீசப்பட்ட குட்டிகளை நீ வீட்டுக்குத் தூக்கி வந்ததைப் படித்தபோது, ஹாஸ்டல் சமையல்கட்டுப் பூனைக்கு உன் தட்டிலிருந்து மீனை ஒதுக்கி வைப்பாயே, அதுதான் ஞாபகம் வந்தது. ஒரே வாரத்தில் மூவாயிரத்துக்கு மேல் போய்விட்டது, வீட்டில் கேள்வி கேட்கிறார்கள், இதோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே டி. ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம். சில வருஷமாக இதைச் செய்து வருகிறவள் என்ற உரிமையில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள். டாக்டரிடம் லேட்டாகப் போகும்போதுதான் பணம் கரைகிறது. காலையில் பேதி தொடங்கிய குட்டியை அன்றைக்கே கொண்டுபோனால் பூச்சி மருந்து, தோலுக்கடியில் கொஞ்சம் சலைன், அவ்வளவுதான், சில நூறு ரூபாயில் முடியும். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று மூன்று நாள் தள்ளினால் அதே குட்டி துவண்டு, நீர் வற்றி, தினமும் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடும். அப்போது ஆயிரக்கணக்கில் போகும், குட்டி பிழைக்கும் என்ற உறுதியும் இருக்காது. ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு அது. நமக்கு ஒரு நாள் பேதி என்பது அதற்கு ஒரு வார நோய்.

சரி, சீக்கிரம் போக வேண்டும் என்றால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்கு ஒரு டிஜிட்டல் சமையல் தராசு வாங்கு. நானூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நீ செய்யப்போகும் செலவுகளிலேயே அதிகம் மிச்சப்படுத்தித் தருவது அதுதான். பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். பிறகு நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூட வேண்டும். ஒரு மாதத்தில் 400-450 கிராம், இரண்டு மாதத்தில் ஒரு கிலோவை ஒட்டி வரும். தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன்னால் எடை பார்த்து நோட்டில் எழுது. ஒரு நாள் எடை ஏறாமல் நின்றால் அந்தக் குட்டியை மட்டும் தனியாகக் கவனி. எடை குறைந்தால் காத்திருக்காதே, கிளம்பு. வாந்தியும் பேதியும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். அந்த நோட்டைக் காட்டினால் டாக்டருக்கும் பாதி வேலை முடிந்தது. தேவையில்லாத டெஸ்ட்டும் குறையும்.

உன் குட்டிகள் கண் திறந்து, காது நிமிர்ந்து நிற்கின்றன என்றால் மூன்று வாரம் ஆகியிருக்கும். ராத்திரி சூடு முக்கியம். குளிர்ந்து போன குட்டிக்குப் பால் கொடுக்காதே, அதன் வயிறு செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு வெதுவெதுப்பான பிறகு கொடு. குட்டியைக் குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குழந்தையை மல்லாத்துவது போல மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். பசும்பால் வேண்டாம், பேதி ஆகும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர் டப்பா விலை அதிகம்தான், ஆனால் நான்கு வாரம் தாண்டியதும் வேகவைத்த கோழி, ஈரல், முள் எடுத்த ஜிலேபி மீன் என்று மெதுவாக மாற்றிவிடலாம். டேம் மீன் இங்கே மலிவு. வெறும் பால்சோறு, தயிர்சாதம் போட்டு வளர்க்காதே. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். அது இல்லாமல் நாளானால் பார்வையும் இதயமும் கெடும்.

பூச்சி மருந்து இரண்டு வார வயதிலிருந்தே கொடுக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பைரன்டெல் சிரப், நூறு ரூபாய்க்குள் ஒரு பாட்டில். அளவு எடையைப் பொறுத்தது, அதனால் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். தெரு குட்டி என்றால் வயிற்றில் புழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி பணப் பேச்சு. டாக்டரிடம் போனதுமே சொல்லிவிடு: ‘இது தெருவில் கிடைத்த குட்டி சார், என்னால் இவ்வளவுதான் முடியும், முதலில் எது அவசியம்?’ நம் ஆட்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். பில் வந்த பிறகு வெளியே வந்து புலம்புகிறார்கள். முன்னாலேயே சொன்னால் பெரும்பாலான டாக்டர்கள் அதற்குத் தகுந்த மாதிரி வரிசைப்படுத்துவார்கள்: இன்றைக்கு இந்த ஊசி, எக்ஸ்ரே இரண்டு நாள் பார்த்துவிட்டு என்று. மருந்தை ஜெனரிக் பெயரில் எழுதித் தரச் சொல். டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் மக்கள் மருந்தகத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். (அந்த மாத்திரையைக் கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விட மறக்காதே. உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும்.) நாலு குட்டிகளையும் ஒரே கூடையில், ஒரே நாளில் கொண்டுபோ. ஆட்டோ செலவும் ஃபீஸும் தனித்தனியாக ஆகாது.

அரசு கால்நடை மருத்துவமனையை மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் என்று நினைத்து ஒதுக்காதே. காலையிலேயே போனால் பூனைக்குட்டியையும் பார்ப்பார்கள், செலவு மிகக் குறைவு. பூனைக்கான தடுப்பூசி அங்கே எப்போதும் இருக்காது. கால்நடை மருந்துக் கடையில் வாங்கி, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போனால் போட்டுவிடும் டாக்டர்கள் இருக்கிறார்கள், முதலில் கேட்டுக்கொள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வெயிலில் கொண்டுபோய் வீணாக்கினால் போட்டும் பயன் இல்லை. பெரிய சிக்கல் என்றால் உனக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு சேலம் தாண்டி ஒரே ரோடுதான். கல்லூரி மருத்துவமனைகளில் தனியாரைவிடக் கட்டணம் குறைவு, எல்லா வசதியும் உண்டு. 1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் முக்கியமாக மாடு, ஆடுகளுக்கானது. குட்டிக்காக அதை நம்பிக் காத்திருக்காதே.

சிக்கனம் என்ற பெயரில் செய்யக்கூடாதவை சில உண்டு. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஏனென்றால் நல்ல மனசு உள்ளவர்களே செய்கிறார்கள். காய்ச்சல் என்று நம் வீட்டு பாராசிட்டமால் மாத்திரையைத் துளிகூடக் கொடுக்கக்கூடாது. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்தைத் தடவக்கூடாது, அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வந்து செத்துவிடும். தெள்ளுச் சீப்பும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் போதும், உடனே துடைத்து உலர்த்தினால். கண்ணில் பீளை கட்டினால் மெடிக்கலில் ஏதோ ஒரு சொட்டு வாங்கி விடாதே. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கண்ணில் புண் உள்ள குட்டிக்குப் பார்வையே போகலாம். தரையைப் பினாயிலால் துடைக்காதே, டெட்டாலும் வேண்டாம். குட்டி காலை நக்கும்போது அந்த நஞ்சு உள்ளே போகிறது.

துடைக்க என்ன என்று கேட்பாய். அந்தக் கேள்வி பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயில் கொண்டுவந்து விடுகிறது. நம் பக்கம் ‘பூனை பார்வோ’ என்கிறார்கள். குட்டிகளின் செலவுக் கணக்கை ஒரே இரவில் குலைக்கிற நோய் இதுதான். வாந்தி, பேதி, சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போவது, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பது. ஒன்றுக்கு வந்தால் தடுப்பூசி போடாத மற்ற எல்லாவற்றுக்கும் வரும். அந்த வைரஸ் ஒரு வருஷம் வரை தரையிலும் துணியிலும் உயிரோடு கிடக்கும், நம் செருப்பிலும் சேலை முந்தானையிலும் ஏறி வரும். அதனால் புதிதாக வந்த குட்டிகளை இரண்டு வாரம் தனி அறையில் வை. இடம் இல்லையென்றால் குளியலறை கூடப் போதும். அவற்றுக்கென்று தனித் தட்டு, தனித் துணி, தனிச் செருப்பு. உன் வீட்டுப் பூனை மீனாவை முதலில் கவனித்துவிட்டுப் பிறகு குட்டிகளிடம் போ, பின்பு கையையும் முழங்கை வரை சோப்பால் கழுவு. தரைக்கு ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு. பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, உலர்ந்த பிறகே குட்டிகளை விடு. மணல் தட்டில் தென்னை நார்த்தூள் அல்லது கிழித்த பேப்பர் போதும். கட்டி பிடிக்கும் கடை மணலைச் சின்னக் குட்டிகள் தின்றுவிடும்.

மீனாவுக்குத் தடுப்பூசி போட்டு எத்தனை நாள் ஆகிறது? பாக்கி இருந்தால் குட்டிகளுக்கு முன்னால் அவளுக்குப் போடு. குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. எங்கள் பக்கம் ஊசி ஒன்றுக்கு எழுநூறிலிருந்து ஆயிரம் வரை ஆகிறது. நான் முதல் ஊசியை மட்டும் என் கணக்கில் போடுவேன். மீதியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் போட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுவேன். வெறிநோய் ஊசி மூன்று மாதம் முடிந்த பிறகு. ஜூலை 6-ஆம் தேதி வருகிறது பார், லூயி பாஸ்டர் 1885-இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள். அந்த நாளை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் வைப்பது வழக்கம். மீனாவைக் கூட்டிப் போ. உனக்கும் ஒரு வார்த்தை: குட்டி கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, ஊசி இலவசம். சின்னக் குட்டிதானே என்று விடாதே.

அந்த மூன்று நிறக் குட்டி பெட்டையாகத்தான் இருக்கும், அந்த நிறம் கடுவனுக்கு வருவது மிக அபூர்வம். அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யாமல் யாருக்கும் கொடுத்துவிடாதே. நாலு மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும், இரண்டு மாதத்தில் குட்டி போடும், அடுத்த சாக்கு அங்கே தயாராகும். முழுச் செலவும் உன்னால் முடியாது என்றால் பாதி நீ, பாதி வாங்குகிறவர் என்று பேசு. கேழ்வரகு மூட்டை அடுக்கும் வீடுகளில் எலித் தொல்லைக்காகப் பூனை கேட்கிறார்கள். அவர்களிடம் ஆபரேஷன் செய்த பூனையும் எலி பிடிக்கும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகச் சொன்னால் கேட்கிறார்கள்.

இன்னொன்று, வருத்தப்படாமல் கேள். ஒரு நேரத்தில் ஒரு ஈத்துக் குட்டிகளுக்கு மேல் எடுக்காதே. நீ இப்படிச் செய்கிறாய் என்று தெரிந்தால் வாசலில் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கும். வேலியோரம், மாட்டுக் கொட்டகையில் குட்டிகளைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், தூக்கி வரச் சொல்லாமல் தூரத்தில் நின்று சில மணி நேரம் பார்க்கச் சொல். தாய் ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருப்பாள், பாதிக் குட்டிகளை எடுத்துப் போயிருப்பாள். தாய்ப்பாலுக்கு ஈடாக எந்த டப்பாவும் கிடையாது. உன்னிடம் வந்தவை சாக்கில் கட்டி வீசப்பட்டவை, அவற்றுக்கு வேறு வழி இல்லை, நீ எடுத்தது சரிதான். ஆனால் எல்லாக் குட்டியும் அப்படி அல்ல.

வீட்டில் கேட்பவர்களிடம் நோட்டைக் காட்டு. ஒரு பக்கம் எடை, மறுபக்கம் செலவு. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று தொடாமல் வை. எங்கள் தெருவில் ஒரு அக்கா பால் பவுடர் டப்பா வாங்கித் தருகிறார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பழைய துணியும் பேப்பரும் கொண்டு வருகிறார்கள். கணக்கைத் திறந்து வைத்ததால்தான் அவர்கள் கேட்காமலே கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் சித்தப்பா பேத்தி கல்யாணத்துக்கு அங்கே வருகிறேன். என்னிடம் இரண்டு தராசு இருக்கிறது, ஒன்றைக் கொண்டுவருகிறேன், அதுவரை பக்கத்து மளிகைக் கடையில் கேட்டு நிறுத்துக்கொள். முதல் ஊசியை நான் வந்த மறுநாள் வைத்துக்கொள்ளலாம், உனக்கு ஆட்டோவில் கூடையைப் பிடிக்க ஒரு ஆள் ஆச்சு. அந்தச் சாம்பல் நிறக் குட்டி பால் சரியாகக் குடிக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதன் எடையை மட்டும் நாளைக்கே போனில் சொல்லிவிடு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தோழி