தோண்டுவது வேறு, அரிவது வேறு

கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சோச்சான் என்னும் காட்டுக் கீரையைப் பூங்காவுக்குள் பறிக்க, இந்த அமெரிக்க மலைகளின் பூர்வகுடிகளான கிழக்குச் செரோக்கியரோடு 2019-இல் நீங்கள் செய்த ஒப்பந்தம் நல்ல செயல். 36 அனுமதிச் சீட்டு, வாரத்துக்கு ஒரு புஷல், அதாவது ஒரு பெரிய கூடையளவு. ஆனால் அதே சீட்டோடு மலையேறும் செரோக்கியர், பிக் கோவ் என்னும் அவர்கள் ஊரைச் சேர்ந்தவரே ஆனாலும், பக்கத்துச் சரிவில் நிற்கும் ராம்ப் என்னும் காட்டுப் பூண்டில் கை வைத்தால் குற்றவாளி. அந்த ஒப்பந்தத்தில் ராம்ப்பையும் சேருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

பத்தாண்டுக்கு ஒருமுறை, அதுவும் 10 விழுக்காடு எடுத்தால்தான் ராம்ப் பாத்தி தாங்கும் என்று உங்கள் பூங்காவிலேயே நடந்த ஆய்வு 2004-இல் சொன்னது. விதை முளைக்க 6 முதல் 18 மாதம், பூக்க 5 முதல் 7 ஆண்டு பிடிக்கும் செடி, எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் அங்கே அளந்தது பூண்டை முழுசாகத் தோண்டியெடுப்பதை. செரோக்கியர் மண்ணுக்குள் கத்தியைச் சாய்த்துவிட்டு, வேர் பிடித்திருக்கும் அடித்தட்டுக்குச் சற்று மேலே அரிவார்கள். தட்டும் வேரும் மண்ணிலேயே கிடந்து மறுபடி துளிர்க்கும். கத்தி கொஞ்சம் கீழே இறங்கித் தட்டும் சேர்ந்து வந்துவிட்டால் செடி போயிற்று. ஈர மண்ணில் இலையைப் பிடித்து இழுத்தாலும் அதே கதிதான்.

அந்த ஆழம் கைக்குத்தான் பிடிபடும், வாயால் சொல்லி வராது. ஏப்ரலில் விரியும் இலை, மரங்கள் தழைத்து நிழல் மூடியதும் மே கடைசிக்குள் மடிந்துவிடும். பாட்டி பேத்திக்குக் காட்டித்தர ஆண்டில் கிடைப்பது சில வாரங்களே. தாத்தன் பூட்டன் அரிந்த பாத்தி பூங்கா எல்லைக்குள் இருந்தால் அந்தச் சில வாரமும் இல்லை. பேசுவோர் அருகிப்போய், செரோக்கி மொழிக்கே 2019-இல் நெருக்கடிநிலை அறிவிக்க வேண்டிவந்த சமூகம் அது. தெரிந்த கைகள் இன்னும் எத்தனை வசந்தம் காத்திருக்கும்?

காட்டுப்பன்றிகள் சரிவுகளை உழுதுபோடுவதைத் தடுக்க நீங்கள் படும் பாடு தெரியும். அவற்றை 1912-இல் ஹூப்பர் பால்டு மலையில் வேட்டைக்காகக் கொண்டுவந்து இறக்கியவர்கள் செரோக்கியர் அல்லர். பூங்கா பிறந்தது 1934-இல். அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இங்கே ராம்ப் அரிந்தவர்கள் மேல் மட்டும் ஏன் இத்தனை கண்டிப்பு?

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். உடனே முழுப் பூங்காவையும் திறக்கச் சொல்லவில்லை. நாலைந்து பாத்திகளைப் பிரித்துக் கொடுங்கள். அவற்றில் பாதிப் பாத்திகளில் செரோக்கியர் அரியட்டும், மீதிப் பாத்திகளைத் தொடாமல் விடுங்கள். மூன்று இலை விட்ட செடி மட்டும், விற்பனை கூடாது, ஒவ்வொரு ஏப்ரலிலும் இரு தரப்பும் சேர்ந்து எண்ண வேண்டும். அடுத்த சோச்சான் பருவம் தொடங்குமுன் ராம்ப்பையும் ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செரோக்கியரின் மலைமேல் அக்கறையுள்ளோர்