மூணு வெரலு

கண்ணு, சாப்டியா. பொங்கலுக்கு வந்துட்டு போனதுலேர்ந்து நீ பேசறதே இல்ல, மெசேஜ் மட்டும் போடுற, வீடியோ கால் போட்டா கட் பண்ணிட்டு மீட்டிங்ன்ற. ராத்திரி பதினோரு மணிக்கு இன்னா மீட்டிங்னு அப்பா கேக்குறாரு, பெங்களூர்ல அப்டித்தான்னு சமாளிச்சிட்டேன். பேசுனா எனக்கு தொண்ட அடைச்சிக்கும், அதான் தங்கச்சி போன்ல டைப் பண்ணிக்கினு இருக்கேன், தப்பு இருந்தா சிரிக்காத.

மாடி ஒழுகுனத பூசியாச்சு. வேற ஒண்ணும் விசேசம் இல்ல.

கோடி வூட்டு அக்கா பொண்ணு லீவுக்கு வந்திச்சு, லேப்ல படிக்குதே அது. எச்சில வெச்சே வாய் கேன்சர ஆரம்பத்துல கண்டுபுடிக்கிற ஆராய்ச்சியாம். எச்சில்ல ஆயிரத்துக்கு மேல புரோட்டீன் இருக்குதாம், கேன்சர் வந்தா அதுல சிலது ஏறுமாம். சைஃப்ரான்னு ஒண்ணு, நம்ம நகத்துல இருக்குற கெரட்டின் மாதிரியே ஒரு புரோட்டீனோட ஒடைஞ்ச துண்டாம், இன்டர்லூக்கின் 8னு இன்னொண்ணு. ட்யூப்ல துப்பி குடுத்தா போதும்னு கேட்டதும் எனக்கு மனசு குளுந்துபோச்சு, யாருகிட்டயும் வாய தொறந்து காட்ட வேணாம், யாருக்கும் தெரியாது, ரிசல்ட் வந்துரும்னு.

ஆனா அதுவே சொல்லுது இன்னும் ஆஸ்பத்திரில இத மட்டும் நம்பி சொல்ல மாட்டாங்களாம். ஈறு வீங்குனாலே அந்த இன்டர்லூக்கின் ஏறிடுமாம், அதனால ஒரு புரோட்டீன வெச்சி முடிவு பண்ண முடியாதாம். 2008ல அமெரிக்காவுல வேற அஞ்சு புரோட்டீன சேத்து பாத்தாங்களாம், கேன்சர் இருக்குறவங்க 100 பேருக்கு 90 பேர சரியா புடிச்சிச்சாம், இல்லாதவங்க 100 பேருக்கு 17 பேர இருக்குன்னு தப்பா காட்டிச்சாம். எனக்கு டக்னு புரிஞ்சிது, நான் பீடி சுத்துன காலத்துல கட்டு எண்ற ஆளு நல்ல பீடியகூட நொள்ள சொல்லி தள்ளுவான்ல, அந்த மாதிரி. அப்டி தள்ளுறதுகூட பரவால்ல கண்ணு, அந்த விட்டுப்போன பத்து பேர நெனச்சாதான் தூக்கம் வரல.

அதனால டாக்டரு வெளிச்சம் அடிச்சி கண்ணால பாக்கணும், வெள்ள படை செவப்பு படை இருந்தா, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு இருந்தா, சந்தேகம்னா துளி சதை எடுத்து பயாப்ஸி. திருவனந்தபுரத்துல 1996லேர்ந்து ஊர் ஊரா ஆளுங்க போயி வாய பாத்தாங்களாம், பொகையில தண்ணி பழக்கம் இருக்குறவங்கள்ல வாய் கேன்சர் சாவு மூணுல ஒரு பங்கு கொறைஞ்சிச்சாம். வெறும் பாத்ததுக்கே.

நீ பொங்கலுக்கு எலவம்பாடி முள்ளு கத்திரிக்கா கொழம்ப ஒதுக்கி வெச்ச, காரம்ன. பச்சமொளகாய கடிச்சிக்கினு கூழு குடிச்ச புள்ள நீ. இட்லிய புட்டு புட்டு சின்னதா வாய்ல போட்டத நான் பாத்தேன். மூணு வெரல அடுக்கி வாய்ல வெச்சி பாக்கணுமாம், போவலன்னா உள்ள சதை இறுகுதுன்னு அர்த்தமாம், பாக்கு போடுறவங்களுக்கு வருமாம். பொகையில இல்லாத வெறும் பாக்குகூட கேன்சர குடுக்கும்னு 2004லயே சொல்லிட்டாங்களாம். வெச்சி பாரு, தனியா பாரு, எனக்கு சொல்லக்கூட வேணாம்.

நம்ம தெருவுலயே மொத இன்ஜினியர் நீ. அந்த படிப்பு இந்த புத்திய குடுக்கலியா. சரி வுடு, நைட் ஷிப்ட்டு, தூக்கம் வராம இருக்க எல்லாரும் போடுவாங்க, எனக்கு தெரியாதா.

ஜீன்ஸ் தொவைக்கும்போது பாக்கெட்ல இருந்தத அடுப்புல போட்டுட்டேன். அப்பாகிட்ட சொல்லல. ஆம்பூர் மாமாவ நெனச்சிக்கோ, அதுக்கு மேல எழுத மாட்டேன்.

கோவப்படாத, நான் இன்னா ஒழுங்கு. உனக்கு அஞ்சு வயசுல ஆயிரம் பீடி முடிக்கணும்னு ஒக்காந்தா நீ முறத்த தட்டிவுடுவ, வாய அடக்க இனிப்பு பாக்கு பொட்டலத்த ஒடைச்சி நான்தான் குடுப்பேன். நீ நாக்கு செவப்பா காட்டிக்கினு சிரிப்ப, நானும் சிரிப்பேன். நான் தாட ஓரத்துல பொகையில அடக்கிக்கினே சுத்துவேன். உன்னையேதான் கடைக்கு அனுப்புவேன், மீதி காசுக்கு நீ பாக்கு வாங்கிப்ப, கேக்க மாட்டேன். நிறுத்திட்டேன்னு ஊருக்கே சொன்னேன்ல, பொய்யி. அரிசி டப்பா பின்னாடி இப்பயும் இருக்கு. எடது பக்கம் தாடையில சொரசொரன்னு ஒண்ணு தட்டுது, தீபாவளிலேர்ந்து, உங்க யாருக்கும் சொல்லல, அந்த பொண்ணு பேசும்போது அதையே நாக்கால தொட்டுக்கினு இருந்தேன்.

தனியா போவ பயமா இருக்குது கண்ணு. அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு குடியாத்தம் வா, வேலூர் போலாம், மொதல்ல நான் வாய தொறக்குறேன், அப்புறம் நீ. அப்பாகிட்ட பல்லு வலின்னு சொல்லிக்கலாம். டிக்கெட் போட்டுட்டு சொல்லு. கத்திரிக்கா கொழம்பு மொளகா போடாமயே வெக்கிறேன்.

அம்மா