ஒரு நாள் சுற்றுலா, மூன்று நாள் அடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் சென்னையிலிருந்து காலையில் கிளம்பி, காஞ்சிபுரம், உத்திரமேரூர், வேடந்தாங்கல் என்று சுற்றி வழியெல்லாம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி வீடு திரும்புகிற ஒரு நாள் சாப்பாட்டுச் சுற்றுலாவைப் பற்றி நாலு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் புகைக்கு நடுவில் துடுப்போடு குனிந்து நிற்பது நான்தான். ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறதே, அது என் ஓரகத்தி. படத்துக்குக் கீழே 'கூழ் கிண்டும் கிராமத்துப் பாட்டி' என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு 52 வயது, இன்னும் பேரன் பேத்தி எடுக்கவில்லை. சரி, புகையில் நின்றால் யாரும் பாட்டி மாதிரிதான் தெரிவார்கள், அதை விடுகிறேன்.

விட முடியாதது பக்கத்திலேயே இருக்கிற ஒரு வரி. 'இங்கே பெண்களுக்குச் சமையல் ஒரு வேலை அல்ல, மகிழ்ச்சி.' இதை எழுதியவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் இருந்தார். அதில் ஒரு மணி நேரம் போனுக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மீதி நேரத்தில் என் மகிழ்ச்சியை எப்போது பார்த்தாரோ தெரியவில்லை.

அந்தப் படத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வந்தது ஞாயிற்றுக்கிழமை. கூழை சனிக்கிழமையே கிண்டி இறக்கியாகிவிட்டது, நீங்கள் அத்தனை ஆடி மாத இதழில் கூழ் வார்ப்பதைப் பற்றிப் போட்டவர், உங்களுக்குத் தெரியாததா. வெள்ளிக்கிழமை சாயங்காலமே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். சனிக்கிழமை நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். 24 பேருக்கான குண்டான் அது, ஒருத்தி இரண்டு பக்கமும் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி துடுப்பை அடியோடு சேர்த்து இழுத்து இழுத்துக் கிண்டுவாள். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். அதைத் தொட்டுப் பார்த்துப் பார்த்தே என் நடுவிரல் நுனியில் சூடு தெரிவதில்லை இப்போது. ராத்திரி ஆறவிட்டு மறுநாள்தான் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைப்பது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் 'லைவா' கிண்டுவதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூழ் கரைத்துத் தயாராக இருக்கிறது என்றால் கூட வந்த டூர் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் அடுப்பில் குண்டானை வைத்து, வெறும் தண்ணீரை ஊற்றி, அதில் துடுப்பைப் போட்டுக் கிண்டச் சொன்னார்கள். கிண்டினேன். தை மாதப் பனியில் நனைந்த வேலிகாத்தான் கட்டை, கண் எரிகிறது. "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார்கள். சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் உங்கள் இதழில் மகிழ்ச்சியாக வந்திருக்கிறது. வெறும் தண்ணீரைக் கிண்டுகிறவள் சிரிக்காமல் என்ன செய்வாள்?

கூழோடு போகவில்லை. ஞாயிறு விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நாட்டுக்கோழிக் குழம்பு, கருவாடு போட்ட கத்திரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரை, கொள்ளு ரசம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர் என்று முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் போன் வந்தது, அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி. சாப்பிட்டு முடித்து பஸ் வேடந்தாங்கலுக்குக் கிளம்பின பிறகு பாத்திரம் தேய்த்து முடிக்கும்போது ஐந்து மணி. அந்த 24 பேரில் ஒரு பெண் மட்டும், கல்லூரிப் பிள்ளை போல இருந்தது, தன் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு "எங்க வைக்கட்டும்மா?" என்று கேட்டது. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். கட்டுரையில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.

கட்டுரைக்கு ஓரத்தில் பெட்டி கட்டி, 'ஒருவருக்கு 2,800 ரூபாய், சாப்பாடு உட்பட' என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துத்தான் எனக்கே தெரியும். 24 பேருக்குப் பெருக்கினால் 67,200. எங்களுக்குக் கொடுத்தது இரண்டு பேருக்கும் சேர்த்து 600. சாமான் காசு தனியாகக் கொடுத்தார்கள், அதை மறைக்கவில்லை. பஸ்ஸுக்கு, டீசலுக்கு, டோல்கேட்டுக்கு எல்லாம் செலவு இருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு அது ஒரு நாள் சுற்றுலா, எங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு. இரண்டு பேர், மூன்று நாள், ஆளுக்கு நாளுக்கு 100 ரூபாய். நூறு நாள் வேலையில் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வைத்த கூலியே 319. ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நின்றால் அது வேலை, அடுப்பங்கரையில் நின்றால் மகிழ்ச்சி.

இதில் பானையில் ஓலை போட்டுச் சபைக்கு ஆள் எடுத்த எங்கள் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை வேறு இழுத்திருக்கிறீர்கள். 'ஜனநாயகம் பிறந்த மண்ணில் ஒரு வாய் கூழ்' என்று தலைப்பு. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தினது, நாங்களும் பள்ளிக்கூடத்தில் படித்தோம், எங்கள் பிள்ளைகளையும் அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அதில் இன்னொன்றும் இருக்கிறது. சபையில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கின சொந்தக்காரர்களும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது. டூர் கம்பெனிக்காரர்கள் அவ்வளவு தூரம் வந்தவர்கள் அதையும் சேர்த்துப் படித்துக் காட்டியிருக்கலாம்.

அப்புறம் உங்கள் தவறுகள். கடிதத்தை ஆரம்பித்தாயிற்று, சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூரைச் செங்கல்பட்டு மாவட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2019 நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்தபோது மதுராந்தகம்தான் அந்தப் பக்கம் போனது, நாங்கள் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறோம். காஞ்சிபுரம் கோயில் இட்லியை வாழை இலையில் வேகவைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து மாவை ஊற்றி மூன்று மணி நேரம் வேகவைப்பது அது. மிளகு, சீரகம், சுக்கு எல்லாவற்றோடும் அந்த இலை வாசம் சேர்ந்தால்தான் அது வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி. எல்லாவற்றுக்கும் மேலே, போகிற வழியில் பனைமரத்தடியில் 'சில்லென்ற நுங்கு' சாப்பிட்டார்களாம். தை மாதத்தில்! சித்திரை, வைகாசியில் வெட்டுகிற நுங்கை உங்கள் நிருபருக்காக எந்த மரம் தையில் காய்த்துக் கொடுத்தது என்று தெரிந்தால் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கூழும் அப்படித்தான். வெயில் காலத்துக் குளிர்ச்சிக்கும் ஆடியில் அம்மனுக்கும் என்று வைத்த கூழை, மூச்சு விட்டால் புகை வருகிற பனியில் கேட்டார்கள், குடித்துவிட்டு நாலு பேர் தும்மினார்கள். அதை எழுதவில்லை.

உங்கள் இதழோடு எனக்கு இது முதல் வருத்தம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சமையல் போட்டி என்று அறிவித்தீர்கள். நான் கொள்ளுப் பொடி போட்ட கத்திரிக்காய்க் குழம்பை மூன்று பக்கம் எழுதி, சுய முகவரி எழுதித் தபால்தலை ஒட்டின உறையும் வைத்து அனுப்பினேன். உறை வரவில்லை. ஆனால் ஐந்து மாதம் கழித்து அதே குழம்பு, அதே 'கைப்பிடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொள்ளு' என்கிற அளவோடு, வேறு ஒருவர் பெயரில் வந்தது. தற்செயலாக இருக்கலாம். அப்படித்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்தக் கட்டுரையைப் பார்க்கிற வரைக்கும்.

என் மாமனார் நல்ல மனுஷர். ஆனாலும் கண்மூடுகிற வரைக்கும் என்னைப் பார்த்து, "சோத்தை வடிச்சிட்டு நாள் பூரா சும்மாதானே இருக்கே" என்பார். சொர்ணவாரிப் பருவ நடவுக்கு வந்த பதினாலு ஆளுக்குச் சோறு பொங்கி, கூடையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார். அவர் படிக்காதவர், அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. நீங்கள் படித்தவர்கள், அதையே அழகான எழுத்தில் அச்சடித்து என் படத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்.

டூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை வரட்டும், சமைத்துப் போடுகிறேன். கூலியை முன்னாலேயே பேசிக்கொள்கிறேன். சமையல் எனக்குப் பிடிக்காது என்றும் சொல்லவில்லை. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து வருகிறபோது ஒரு திருப்தி வரும், வரத்தான் செய்யும். உங்களுக்கும் இதழ் அச்சாகி முதல் பிரதி கைக்கு வருகிறபோது வருமில்லையா? அதற்காக உங்கள் சம்பளத்தை யாராவது நிறுத்தி வைக்கிறார்களா?

திருத்தம் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போட்டால் மந்தாரை இலையை மட்டுமாவது சரிசெய்யுங்கள், காஞ்சிபுரத்துக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்த இதழில் இரண்டு பிரதி. எங்கள் ஊருக்கு வந்த ஒன்றை டீக்கடையில் வடை மடிக்கக் கிழித்துவிட்டார்கள், பக்கத்து வீட்டுப் பையன் போனில் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒன்று எனக்கு, ஒன்று ஓரகத்திக்கு. கை மட்டும்தான் வந்திருக்கிறது என்றாலும் அந்த வளையலை வைத்து அது தான்தான் என்று சம்பந்தி வீட்டில் காட்ட வேண்டுமாம். இதழ் மடங்காமல் போகிற அளவுக்குப் பெரிய உறையாகப் பார்த்து, தபால்தலை ஒட்டி, முகவரி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இந்த உறையாவது திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்