தேக்கடி படகுப் பயணம்: வருபவர்கள் கவனத்துக்கு

நமக்குக் காலை 7.30 மணிப் படகு. சவாரி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். படகு டிக்கெட் வேறு, காட்டுக்குள் நுழையும் டிக்கெட் வேறு, இரண்டும் வேண்டும். ஆனவச்சால் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் படகுத்துறைக்குப் போக முடியும். அங்கே வரிசை நிற்கும், ஆகவே 6.15க்கே குமுளியில் இருங்கள். அடையாள அட்டை அசல் கையில் இருக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பட்டையையும் பூட்டுங்கள், போட்டோவுக்காகக் கழற்ற வேண்டாம். யானை தெரிந்தால் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவதுதான் ஆபத்து, படகு சாய்ந்துவிடும். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். உட்கார்ந்தபடியே பாருங்கள்.

புலியை எதிர்பார்த்து வராதீர்கள். கரைப் புல்லில் காட்டெருமை, மிளா மான், காட்டுப்பன்றி தென்படலாம். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்னும் நீரில் நிற்கின்றன. அவற்றின் மேல் பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவை சிறகை விரித்துக் காயவைக்கும். 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் படகின் அதிர்வில் படம் ஆடும்.

பிளாஸ்டிக் பை வேண்டாம். தின்பண்டத்தைப் படகுத்துறையில் வெளியே எடுத்தால் குரங்கு பிடுங்கிவிடும்.